புன்னைக்குப்பத்துத் தண்ணீர்

786

முல்லா வீதி, புதுச்சேரி
12-3-1958

அன்புத் தம்பி அன்வருதீனுக்கு அக்கா கனீஸ் பாத்திமா ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே அத்தாவும் நானும் நலம். சைகோனில் உன் உடம்பும் கடையும் எப்படி என்று கொஞ்சம் விரிவாக எழுது. போன கடிதத்தில் நீ எழுதியது மொத்தம் ஐந்து வரி. அதில் மூன்று வரி ஸலாம். தபால்காரருக்கு இரக்கப்பட்டு எழுதுகிற ஆளை உன்னிடத்தில்தான் பார்க்கிறேன்.

அத்தா இப்போது கமிட்டிக்காரர். குழாய், விளக்கு, சாக்கடை என்று நகரத்தில் எதற்கு இந்த வருஷம் பணம் ஒதுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஏழு பேரைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நம் அத்தா குத்புதீன் சாயபு. வந்திருக்கும் விண்ணப்பங்கள் பதினொன்று, பணமோ பாதிக்குத்தான் வருமாம். அதனால் முதலில் எல்லா இடத்தையும் நேரில் போய்ப் பார்ப்பார்கள். பிறகு மேரியில், அதாவது முனிசிபாலிட்டியில், உட்கார்ந்து எதை வைப்பது, எதை அடித்து நீக்குவது என்று பட்டியல் போட்டு வாசலில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் இருந்தால் அந்தந்த இடத்தில் குடியிருப்பவர்கள் இருபது நாளைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு கூட்டம், அதோடு முடிந்தது. அத்தா இதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார், நான் கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சுக்காரன் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது, அத்தா வாயில் இன்னும் ‘புத்ழே’தான். பட்ஜெட் என்று சொல்ல நாக்கு வளையவில்லை.

பதினொன்றில் ஒன்று, உப்பாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புன்னைக்குப்பத்துக்குக் குழாய். இதில்தான் உனக்குச் சேதி. நீ சின்னதில் மீம்மா, மீம்மா என்று பின்னாலேயே ஓடுவாயே, அந்த அஞ்சலாட்சியின் குப்பம். இன்றும் தினம் காலையில் நம் வீட்டுக்குத்தான் முதலில் மீன் கூடையை இறக்குகிறாள். அவர்கள் கிணற்றுத் தண்ணீரை நீ குடித்ததில்லை. நான் ஒருமுறை குடித்தேன். கடலைக் கொஞ்சம் வடிகட்டினால் அப்படித்தான் இருக்கும்.

திங்கட்கிழமை கமிட்டி அங்கே போயிற்று. அன்று காலையில் அஞ்சலாட்சி மீன் கொண்டுவரவில்லை. புளி போட்டுத் தேய்த்த இரண்டு பித்தளைக் குடத்தோடு வந்து நம் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றாள். எதற்கு என்றால், கமிட்டிக்காரர்களுக்குக் குடிக்கக் கொடுக்கவாம். அவர்கள் உங்கள் கிணற்றைத்தானே பார்க்க வருகிறார்கள் என்று கேட்டேன்.

“வூடு தேடி வந்தவங்க வாயில உப்புத் தண்ணிய ஊத்தச் சொல்றியா, பாப்பா?” என்றாள்.

எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. குழாயில் வருவது வெயிலுக்குச் சுடுகிறதே என்று நம் பானைத் தண்ணீரையே ஊற்றிக் கொடுத்தேன். உம்மா செய்தபடி வெள்ளிக்கிழமைதோறும் பானையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகை பிடிக்கிறேன், தண்ணீரில் அந்த மணம் நிற்கும். தெருவில் வேறு எந்த வீட்டிலும் அந்த வழக்கம் கிடையாது.

மத்தியானம் வந்து எல்லாம் சொன்னாள். கிணற்றைச் சுற்றிக் கோலமாம், மாவிலைத் தோரணமாம். ஊர் நாட்டார் தெய்வநாயகம் ஏழு பேருக்கும் மாலை போட்டார். என்ன குறை என்று எழுத்தர் கேட்டதற்கு, ஐயாமார்கள் வந்ததே போதும், ஒரு குறையும் இல்லை என்று சொன்னாராம். பெரியவர்கள் வந்தால் முதலில் அவர்கள் மனசைக் குளிர வைப்பது, பிறகு அவர்களாகவே பார்த்துக் கொடுப்பார்கள், அவர்கள் பழக்கம் அது. தண்ணீரைக் குடித்துவிட்டு ஆறு பேரும் தலையாட்டினார்களாம். அத்தா மட்டும் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்தாராம். உங்க வூட்டுத் தண்ணி உங்க அத்தாவுக்கே போய்ச் சேந்துது என்று சொல்லி அஞ்சலாட்சி சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். குழாய் வந்த மாதிரிதான் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்னும் ஒன்பது நாளில் நோன்பு. மீம்மா உன்னைக் கேட்டாள். பெருநாளைக்கு அவளுக்கு ஒரு சேலை அனுப்பு. பச்சை பிடிக்காது.

உன் அக்கா
கனீஸ் பாத்திமா

*

786

முல்லா வீதி, புதுச்சேரி
5-4-1958

அன்புத் தம்பி அன்வருதீனுக்கு அக்கா ஸலாம். அத்தாவும் நானும் நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். புன்னைக்குப்பத்துக் குழாயை அடித்துவிட்டார்கள். அத்தாவின் மேசைமேல் நகல் கிடந்தது. கன்னிமார் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு அன்றைக்குத்தான் உதவிற்று. ‘கிணற்று நீரை உறுப்பினர்கள் நேரில் பருகினர். மிக நன்று. ஊரார் குறையேதும் கூறவில்லை.’ இவ்வளவுதான் எழுதியிருந்தது. அதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன், தம்பி. அந்த மிக நன்று நான் புகை பிடித்த பானை.

மிஞ்சின பணம் பெரிய மார்க்கெட்டில் துணிக்கடை வரிசைக்குக் கூரையும் சிமெண்டுத் தளமும் போடப் போகிறது. அந்த வரிசையில் மூன்றாவது கடை யாருடையது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயில் ஏறிவிட்டது. குப்பத்துக் கிணறு வற்றி, அடியில் ஊறுவது உப்பும் சேறும். பக்கத்துச் சாக்கடையும் அதில்தான் கசிகிறது. போன வாரம் இரண்டு குழந்தைகள் வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டன. வெயில் கொண்டுபோனது என்கிறார்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகிறார்கள். டாக்டர் வந்து பார்த்து, கிணறுதான் காரணம், காய்ச்சிக் குடியுங்கள் என்றாராம். சோறு பொங்கவே விறகு இல்லாதவர்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள்?

தினம் இரண்டு குடம் எடுத்துப் போ என்று அஞ்சலாட்சியிடம் சொன்னேன். மூன்று நாள் எடுத்துப் போனாள். நாலாம் நாள் குடம் வரவில்லை. ஊரே அதைக் குடிக்கையில் தான் மட்டும் இதை எப்படிக் குடிப்பது என்று கேட்டாள்.

ஆட்சேப மனுவை நானே எழுதினேன். அன்று கொடுத்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர் அல்ல, முல்லா வீதியில் ஒரு வீட்டிலிருந்து கொண்டுவந்தது, மறுபடி வந்து பாருங்கள் என்று. அஞ்சலாட்சி அதை மடியில் முடிந்துகொண்டு போய் ஊர்க்கூட்டத்தில் வைத்தாள். தெய்வநாயகம் கெட்டவர் அல்ல. செத்ததில் ஒன்று அவருடைய தம்பி பேரன். ஆனாலும் காகிதத்தைத் தொடவில்லையாம்.

“வந்தவங்களுக்கு வேற ஊட்டுத் தண்ணியக் குடுத்து ஏமாத்தினோம்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு இந்தக் குப்பத்துல எவன் வந்து கை நனைப்பான்?” என்று கேட்டாராம்.

கையெழுத்துப் போடுகிறவர்களை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் வீட்டுக்கு நெருப்பு கிடையாது, வலையில் பங்கு கிடையாது, சாவுக்கு ஆள் வராது. மனு திரும்பி வந்து என் பெட்டியில் கிடக்கிறது. நான் போட்டால் செல்லாது, நான் அங்கே குடியிருப்பவள் அல்ல.

இப்போது எழுதப்போவதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள். பட்டியல் ஒட்டின அன்று அத்தா நோன்பு திறக்க உட்கார்ந்தார். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தவர் குவளையை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புகை போட்டாயா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதோறும் போடுகிறேனே அத்தா என்றேன். மறுநாளிலிருந்து அவர் வீட்டில் நோன்பு திறப்பதில்லை, பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறார். நம் பானைத் தண்ணீரைத் தொட்டுப் பதினைந்து வேளை ஆகிறது.

அன்று இன்னொரு குவளை வாங்கிக் குடித்தது தாகத்துக்கு என்று நினைத்துச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

தம்பி, அத்தா என் பேச்சைக் கேட்கமாட்டார். உன் பேச்சைக் கேட்பார். உன்னைப் பெற்று மூன்றாம் நாள் உம்மா மவுத்தானபோது எனக்குப் பத்து வயது. கழுதைப் பாலும் சர்க்கரைத் தண்ணீரும் உனக்கு ஆகவில்லை. கூடையோடு வாசலில் வந்து நின்ற அஞ்சலாட்சி கையைக் கழுவிக்கொண்டு வந்து உன்னை வாங்கினாள். தன் பிள்ளைக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு பக்கம். இரண்டு வருஷம். நம் மார்க்கப்படி அவளும் உனக்குத் தாய், அத்தாவுக்கு அது தெரியாததல்ல. கடைசிக் கூட்டம் 24-ம் தேதி. ஆட்சேபம் வராவிட்டால், கமிட்டிக்குள்ளேயே ஒருவர் எழுந்து சொன்னால்தான் உண்டு. அவரை எழுந்து சொல்லச் சொல். உடனே எழுது. ஐந்து வரி போதும்.

உன் அக்கா
கனீஸ் பாத்திமா

*

786

முல்லா வீதி, புதுச்சேரி
20-4-1958

தம்பி அன்வருதீனுக்கு ஸலாம். பிறை தெரிந்துவிட்டது. நாளைக்குப் பெருநாள்.

நீ அத்தாவுக்கு எழுதியது புதன்கிழமை கிடைத்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய் என்று உறையின் கனத்திலேயே தெரிந்தது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அத்தா மூன்று முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தினம் சட்டை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொள்கிறார். என்ன அத்தா சொல்கிறான் என்று நேற்றுத்தான் கேட்கத் துணிந்தேன்.

“அவன் சின்னப் புள்ள. கூரை போட்டா கடை யாருக்கு? அவனுக்குத்தானே,” என்றார்.

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அந்தக் கூரை உன் பேரில் ஏறப்போகிறது, நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்சேபம் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது. ஒரு காகிதமும் வரவில்லை. குப்பத்தில் இதுவரை போனது ஒன்பது பேர். இப்போதெல்லாம் வெயில் என்று யாரும் சொல்வதில்லை, எதுவுமே சொல்வதில்லை. படகுகள் கரையில் கிடக்கின்றன. அவர்கள் கொண்டுவரும் மீனை மார்க்கெட்டில் வாங்க ஆள் இல்லை.

அஞ்சலாட்சி நாலு நாளாக வரவில்லை. நேற்று அத்தா கடைக்குப் போனதும் ஆள் தள்ளுகிற புஷ்வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு போனேன். கிணற்றங்கரையில் அந்த மாவிலைத் தோரணம் காய்ந்து சருகாகி இன்னும் தொங்குகிறது. அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். அந்தப் பெரிய உடம்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன். வண்டி அனுப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா என்றேன். ஊரில் இத்தனை பேர் கிடக்கும்போது தான் மட்டும் போவதா என்று தலையை ஆட்டினாள். என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, ஒரு கொறையும் இல்ல பாப்பா என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அவள்மேல் அல்ல.

திரும்பும்போது அவளுடைய இரண்டு பித்தளைக் குடத்திலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

நாளைக்குப் பெருநாள் சாப்பாட்டுக்குக் கமிட்டியில் மற்ற ஆறு பேரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள். அத்தா போன வாரமே அழைத்துவிட்டார். பிரியாணிக்கு ஆள் சொல்லியாயிற்று. தண்ணீர் என் பொறுப்பு. இரண்டு குடத்தையும் துணியில் வடிகட்டி, கொதிக்கக் கொதிக்க ஒரு மணி நேரம் காய்ச்சினேன், அதனால் பயப்படாதே. காய்ச்சினால் நோய் போகும் என்று டாக்டர் சொல்கிறார். உப்புப் போகாது. ஆற வைத்து, சாம்பிராணி பிடித்த பானையில் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன். வீட்டில் வேறு தண்ணீர் வைக்கவில்லை. முதல் வாய் குடித்ததும் ஆறு பேரும் அத்தாவைத்தான் பார்ப்பார்கள். இது எந்த ஊர்த் தண்ணீர் என்று அப்போது நான் திரைக்கு இந்தப் பக்கமிருந்து சொல்வேன். அன்று அவர்கள் குடித்தது எந்த வீட்டுத் தண்ணீர் என்பதையும் சொல்வேன்.

வீடு தேடி வந்தவர்கள் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றுகிறவள் நான்தான். நம் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். அத்தா அதற்குப் பிறகு என் முகத்தில் விழிப்பாரோ, இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமோ தெரியாது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தா அடுப்படிப் பக்கம் வந்தார். அவர் அங்கே வருவதே இல்லை. கவிழ்த்து வைத்திருந்த இரண்டு பித்தளைக் குடத்தையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் குடங்களை அவருக்குத் தெரியும். பானை மூடியைத் தொட்டார், திறக்கவில்லை. பிறகு சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நாளை மத்தியானம் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது அஞ்சலாட்சியிடம், தம்பிக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நீ அனுப்பிய சேலையை மடிப்புக் கலையாமல் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். நன்றாகத் தேறின பிறகு கட்டுவாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது.

“தூரத்துல இருக்குற புள்ள. மீம்மா நல்லா இருக்கான்னு எழுது,” என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதுகிறேன். மீம்மா நன்றாக இருக்கிறாள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஐந்து நாள் ஆகும். வந்ததும் ஒளு செய்துவிட்டு அவளுக்காக துஆ கேள். நாள் தள்ளிப்போயிற்றே என்று விட்டுவிடாதே, உடம்பு தேறவோ, இல்லை வேறு எதற்கோ, எந்த துஆவாக இருந்தாலும் கேள். ஆண்டவன் உன்னை என்றைக்கும் நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் வைக்கட்டும்.

உன் அக்கா
கனீஸ் பாத்திமா