அப்பாவின் ஊதாப் படிகங்கள்

ஞாயிறு இரவு.

சுரங்கத்தில் வேலை பார்த்த கடைசி நாளன்று அப்பா சட்டையில் சுற்றி எடுத்துவந்த படிகக் கொத்து அது. பாறையோடு ஒட்டிய ஒன்பது ஊதாக் கூர்கள். அவர் போன பிறகு நான் கேட்டது அதை மட்டும்தான். "கொஞ்ச நாள் எங்க ஷோகேஸ்ல இருக்கட்டும்மா" என்றான் அண்ணன்.

இன்று அடையாறில் அவன் வீட்டுக்குப் போனேன். ஷோகேஸில் கொத்து இல்லை. கேட்டதற்கு அண்ணி கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டினாள்.

"தி.நகர்ல குடுத்து அறுத்து பாலிஷ் போட்டோம். அழுக்காவே கெடந்துச்சு. உனக்கும் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"அடியில இருந்த பாறை?"

"அது எதுக்கு? கடைக்காரனே தூக்கிப் போட்டுட்டான்."

அண்ணன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அழகா இருக்கு அண்ணி" என்று சொல்லி அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டேன். என் வாயை என்ன செய்ய?

கண்ணாடி மணிபோல வழுக்குகின்றன. அப்பாவின் விரல் பட்ட பக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை.