பேயின் முகமும் தாழ்ப்பாள் போட்ட கையும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், முழங்காலும் அவர் சொல்கிற அளவுக்கு மோசமில்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்பத்தான் ஆசை, ஆனால் போனில் உன் குரலைக் கேட்டால் நம்பிக்கை வரவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம் என்று பார்த்தால் உன் அப்பா பாதியில் பிடுங்கிக்கொண்டு அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிடுகிறார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காவுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது, கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அவளை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை, ஆனால் அவருடைய சட்டைகளை மட்டும் அவள்தான் இஸ்திரி போட வேண்டும், அந்தப் பெட்டி கனக்காதாம். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவர் ஊறிக்கொண்டிருந்ததே, வீட்டுக்காரரை விடாமல் நச்சரித்துச் சரிசெய்ய வைத்துவிட்டேன், வெள்ளையும் அடித்தாகிவிட்டது. காலையில் அங்கே நின்று டீ போடும்போது மனசு நிறைவாக இருக்கிறது.

சரி, நீ எடுத்து அனுப்பிய பேய்ப்படத்தைப் பற்றிக் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பணம் போடுகிறவர் கடைசியில் பேயின் முகத்தைக் காட்டு என்கிறார், எடிட்டிங் பண்ணுகிற சிநேகிதி எதையுமே காட்டாதே என்கிறாள், மாதக் கடைசிக்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும், புரியாமல் விட்டால் பயமாக இருக்கிறதா எரிச்சலாக இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை ஜன்னலில் போர்வையைக் கட்டி வீட்டை இருட்டாக்கினார், எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிற நெட்டையையும் கூப்பிட்டிருந்தேன், கூப்பிடாமல் எப்படி, நாங்கள் சூட்டறை என்று சொல்கிற துணி உலர்த்தும் அறைக்குள் அடைபட்டு அவள் பட்ட பாட்டைத்தானே நீ அவளிடமே கேட்டு வாங்கிப் பேய்ப்படம் ஆக்கியிருக்கிறாய். படம் ஆரம்பித்த உடனே அவள் புகாரும் ஆரம்பித்துவிட்டது, ஏன்க்கா, நெட்டையா ஒரு பொண்ணு அந்த ஊர்ல கிடைக்கலையாமா, இவ என் இடுப்பு உயரம்தான் இருப்பா என்றாள். அந்தப் பெண் உள்ளேயிருந்து கதவைத் தட்டும்போது அவள் முதுகுக்குப் பின்னால் சுவரிலிருந்து யாரோ திருப்பித் தட்டுகிற இடத்தில் நான் திரும்பி நம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மடித்து அடுக்கிய வெள்ளைப் படுக்கை விரிப்புகளின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி அந்த அடுக்கு மெல்ல அமுங்குகிறதே, அதைப் பார்த்ததிலிருந்து கதவுக்கு முதுகைக் காட்டி நின்று என்னால் துணி மடிக்க முடியவில்லை. உன் அப்பா எனக்கென்ன பயம் என்று சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை, படம் முடிந்ததும் பட்டப்பகலில் பாத்ரூம் வாசலில் என்னை நிறுத்தி, போயிடாத, ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு என்றார்.

கதவைத் திறந்து பார்த்தால் வெறும் விரிப்புகள்தான் கிடக்கின்றன, அவளைக் காணோம் என்று முடித்திருக்கிறாய் இல்லையா, அதற்கப்புறம் இங்கே நடந்த சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை, அவ செத்துட்டா, சுவருக்குள்ள இருந்து திருப்பித் தட்டுனது அவளோட ஆவிதான் என்றார். அப்பா, ஆவியுமில்ல ஒண்ணுமில்ல, சூட்டுல அவளுக்கு மூளை குழம்பிடுச்சு, எல்லாம் பிரமை என்றார். அக்கா, ரெண்டு பேரும் சும்மா இருங்க, அப்படி ஒருத்தி அங்க வேலையிலயே இல்ல, எல்லாம் அந்த இடத்தோட ஞாபகம் என்று ஏதோ பெரிய வார்த்தையாகச் சொன்னாள், அதற்கு மாப்பிள்ளை, உன் தங்கச்சி உனக்கு மட்டும் தனியா சொல்லிட்டாளா என்று கிண்டல் பண்ண, அவள் முறைக்க, டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. எல்லாவற்றையும் விளக்கி முடிகிற படத்தைப் பார்த்துவிட்டு இந்த வீட்டில் யாரும் இப்படி அடித்துக்கொண்டதில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். முகத்தைக் காட்டினால் அது மாவு பூசிய ஒரு நடிகை, அவ்வளவுதான். காட்டாதவரைக்கும் அவரவர் பயத்துக்குத் தகுந்த முகத்தை அவரவரே வைத்துக்கொள்வார்கள். அதனால் பேய் விஷயத்தில் நான் உன் சிநேகிதி பக்கம்.

ஆனால் நெட்டை இந்தச் சண்டையில் சேரவே இல்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு, ஏன்க்கா, படத்துல தாழ்ப்பாள் தானா விழுதே, அது ஏன் என்று கேட்டாள். மாப்பிள்ளை, அதாங்க சஸ்பென்ஸ், பேய் போட்டுச்சா, காத்துல விழுந்துச்சா, ஆள் யாராச்சும் போட்டாங்களான்னு நம்மளையே யோசிக்க விடுறாங்க என்று விளக்கினார். அவள் என்னைக் காட்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு, அக்காதான் பார்த்தாங்களே என்றாள். உன் அப்பா எழுந்து ஜன்னல் போர்வையை அவிழ்த்துவிட்டார்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. வேலை நேரத்தில் பெண்கள் காற்று வாங்க வெளியே போய்விடுகிறார்கள் என்று சூப்பர்வைசர்தான் சூட்டறைக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் போட்டதை நான் துணி மடிக்கிற மேஜையிலிருந்து பார்த்தேன், நெட்டை உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் அவள் தட்டியதும் கேட்கவில்லை. டீ நேரத்தில் அவளைக் காணோம் என்றதும் ஓடிப்போய்த் திறந்தேன், அப்படியே என் மேல் சாய்ந்தாள், உடம்பு அடுப்பு மாதிரிச் சுட்டது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தபோது முதல் ஆளாக எழுந்து இவர்தான் போட்டார், என் கண்ணால் பார்த்தேன் என்று சூப்பர்வைசரைக் கைகாட்டித்தான் சொன்னேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, நீங்க பதட்டத்துல இருந்திருப்பீங்கம்மா, கதவு பழசு, தாழ்ப்பாள் தானாக்கூட விழுந்திருக்கலாம், யார் கண்டது என்றார். நெட்டையிடம், சூட்டுல உங்களுக்கு ஒண்ணும் சரியா ஞாபகம் இருக்காது என்றார். உன் படத்தைப் பார்த்து உன் அப்பா சொன்ன அதே பேச்சு. பேய் எப்படி இருக்கும் என்பது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதைத் தெரியாமல் விடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. தாழ்ப்பாளை யார் போட்டது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அதையும் மர்மமாக்கி நீ புகை போட்டால் அது மேனேஜருக்குத்தான் வசதி, அவர் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப ஆழமான படம் என்று கைதட்டுவார்.

ஆள் யாரென்று காட்டிட்டா அப்புறம் பயம் எங்கே இருக்கும் என்று உன் அப்பா கேட்டார். நான் அதையே நினைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கத் துணி மடித்தேன். எனக்கென்னவோ பயம் கூடும் என்றுதான் தோன்றுகிறது. உள்ளே திருப்பித் தட்டுகிறது எது என்று நமக்குத் தெரியாது, ஆனால் அவளை அதோடு சேர்த்து அடைத்துவிட்டுப் போனது ஒரு மனுஷன் என்று தெரியும், அவர் வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்றும் தெரியும். இதைவிடவா பேய் பயமுறுத்தும்? உனக்குப் பணம் போடுகிறவர் எதையாவது காட்டு என்றுதானே அடம் பிடிக்கிறார், தாழ்ப்பாள் போடுகிற அந்த மனுஷனுடைய கையைக் காட்டு. முகம்தான் வேண்டும் என்று முறுக்கிக்கொண்டு போனால் போகட்டும். அம்மா சொன்னதற்காகச் செய்யாதே, படத்தில் போட்டுப் பார், உனக்கே பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடு, ஆனால் போட்டுப் பார்க்காமல் மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே, இங்கே நிலைமை நல்லபடியாகத்தான் இருக்கிறது. தாழ்ப்பாளைக் கழற்றுகிறவரைக்கும் சூட்டறைக்குள் ஒருத்தியும் கால் வைக்க மாட்டோம் என்று எல்லாப் பெண்களும் வாசலிலேயே உட்கார்ந்தோம், ஈர விரிப்புகள் வண்டி வண்டியாகச் சேர்ந்து நாற ஆரம்பித்ததும் ஸ்க்ரூ டிரைவரோடு ஆள் வந்துவிட்டார். சூப்பர்வைசர் இப்போது லாரியில் துணி ஏற்றுகிற பக்கம் நிற்கிறார், சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை, அதையும் விடப்போவதில்லை. நெட்டை முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள், முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். படத்தில் அந்தப் பெண் செத்தாளா பிழைத்தாளா என்று தெரியாமல் விட்டிருக்கிறாளே, உனக்கு வருத்தமா என்று அவளிடம் கேட்டேன். அது எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டும்க்கா, நான்தான் இங்க உட்கார்ந்து உங்க பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு இருக்கேனே என்றாள்.

நீ எடுத்த வேலை நல்லபடியாக முடிந்து பெரிய திரையில் ஓட வேண்டும், உன் உடம்பும் மனசும் திடமாக இருக்க வேண்டும், எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு. ராத்திரியெல்லாம் கண் விழிக்காதே, அக்காவுக்கு வலி எடுக்கிற சமயத்தில் நீ இங்கே இருக்கிற மாதிரி லீவு சொல்லி வை. இன்னொன்று, மறக்காதே. அந்தக் கையைப் படம் பிடிக்கிறபோது பின்னால் இசை எதுவும் வேண்டாம், நடிக்கிறவரிடம் அவசரப்படாமல் போடச் சொல். அன்றைக்கு அவர் அவசரப்படவே இல்லை, வீட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரிதான் போட்டுவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
உன் படத்தை இன்னொரு முறை பார்க்கத் தைரியம் சேர்த்துக்கொண்டிருக்கும்
அம்மா