பெர்மெத் குளவி

மார்ச் 4, தலாஸ்

ஆய்வக வெப்பக்குழாய் இன்றும் சூடாகவில்லை. கோட்டோடு உட்கார்ந்து நுண்ணோக்கியில் நாற்பது குளவிகள் பார்த்தேன். ஒவ்வொன்றும் எள்ளளவுகூட இல்லை. கண் எரிகிறது.

பீன்ஸ் விதைக்குள் இருக்கும் வண்டுப்புழுவைத் தின்று வளரும் குளவி ஒன்று. ஆற்றங்கரை அதிமதுர விதையில் அதே வேலையைச் செய்வது வேறொன்று, சிறியது. முப்பது வருடமாக இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம். அளவைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லையே.

சிறியதற்குப் பெயர் வைத்தவர் கெரிம்குல் அண்ணன், எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர். மகள் பெர்மெத் பிறந்த வருடம் அது; அவள் பெயரையே வைத்தார்.

மார்ச் 9

பீன்ஸ் குளவிகளை, புழு இருக்கும் அதிமதுர விதைப் புட்டியில் விட்டேன்.

மார்ச் 31

பதினேழு வெளிவந்தன. எல்லாம் சின்னது. அச்சு அசல் பெர்மெத். சின்னப் புழுவைத் தின்றால் சின்னக் குளவி — ஒரே இனம்தான்.

விவசாயிகளுக்கு நல்லது. ஆற்றங்கரையில் பிடித்துக் கிடங்குகளில் விட்டாலே போதும். ஆனால் ஒரே இனம் என்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்; அது பீன்ஸ் குளவியுடையது. பெர்மெத் போய்விடும். இதை அவரிடம் யார் சொல்வது? நான்தான்.

ஏப்ரல் 2

சொன்னேன்.

“இதச் சொல்லத்தான் வேன் ஏறி வந்தியா ஜூரா?”

“மூணு தடவ பாத்துட்டேன் அண்ணே.”

“நாலாவது தடவ பாரு. மாஸ்கோ போனவ நாலு வருஷமா ஒரு போன் இல்ல. பேரு மட்டும்தான் இங்க இருந்துச்சு. அதையும் அழிக்க வந்துட்டே.”

கிளம்பும்போது ரொட்டி பிட்டு வாயில் போட்டுக்கொள்ளக்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எதிரிக்கும் சொல்வார்கள்.

ஏப்ரல் 3

நான்காவது தடவையும் பார்த்தேன். ஒன்றேதான்.

ஏப்ரல் 27

பெர்மெத்தைப் பீன்ஸ் வண்டுப்புழுவில் வளர்த்தேன். பெரிதாக வந்திருக்கிறது. கட்டுரை தயார். அனுப்பக் கை வரவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு அனுப்பலாமா — சீ, என்ன புத்தி இது. கிடங்குகளில் விதை மாவாகிக்கொண்டிருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

மே 6

கெரிம்குல் அண்ணன் சொல்லாமல் வந்து நின்றார். ஒரு மணி நேரம் நுண்ணோக்கியிலிருந்து கண் எடுக்கவில்லை.

“ஒண்ணுதான்” என்றார். பிறகு, “பேரு போச்சுன்னு மககிட்ட நாமதானே சொல்லணும்? நேத்தே போன் போட்டேன்.”

“என்ன சொன்னா?”

“சிரிக்கிறா. ‘என் பேர்ல பூச்சி இருந்துச்சாப்பா?’ங்கிறா. நான் அவகிட்ட சொன்னதே இல்லபோல. ரொம்ப நேரம் பேசினா.”

தேநீர் ஊற்றினேன். குடிக்காமல் குளவிகள் வைத்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு எடுத்துக்கட்டுமா? ஜூலைல வர்றாளாம். காட்டணும்.”

பெயர்ச்சீட்டை மாற்றாமலே எடுத்துக் கொடுத்தேன்.