நாற்காலி விரிப்பு

ஐதுதாக்கித் தீவு
3.6.1978

அன்புத் தம்பி மத்தாயோவுக்கு,

அக்கா அகைத்தி எழுதுவது. நாலாவதோடு நின்றவள் கையெழுத்து, கோணலாக இருந்தாலும் முழுசாகப் படி. அம்மாவை வீட்டு முன்னாலேயே புதைத்தோம். தந்தி கொடுத்தும் நீ வரவில்லை. போகட்டும்.

நேற்று மீரி பெரியம்மாவும் நானும் அம்மாவின் மரப்பெட்டியைத் திறந்தோம். கற்பூர வாசனையோடு அம்மா வாசனையும் வந்தது. உடனே மூடிவிட்டேன். பெரியம்மாதான், "மூடி வச்சா மட்டும் எந்திரிச்சு வந்துடுவாளா? தொறடி" என்றாள். என் கல்யாணப் போர்வை, அப்பா விட்டுப்போன, நரம்பறுந்த உகுலேலே வாத்தியம், என் பால்பல். அடியில் ஒரு நாற்காலி விரிப்பு. வெள்ளைத் துணியில் சிவப்புச் செம்பருத்தி, அம்மா கைத்தையல். ஓரத்தில் உன் பெயர். உள்ளே சுருட்டி வைத்த நாடாக்கள்.

உன் முதல் முடிவெட்டுக்குத் தைத்தது தம்பி. நம் தீவு வழக்கப்படி, பிறந்ததிலிருந்து வளர்த்த முடியைக் கொத்துக் கொத்தாக நாடாவில் கட்டி, இந்த விரிப்பைப் போட்ட நாற்காலியில் உன்னை உட்கார்த்தி, ஆளுக்கு ஒரு கொத்து வெட்டியிருப்போம். அதற்குள் அப்பா உன்னைக் கப்பலேற்றி ஆக்லாந்துக்குக் கூட்டிப் போய்விட்டார்.

கேட்பாரில்லாத விரிப்பு தைத்தவளோடு போகணும் என்கிறாள் பெரியம்மா. கல்லறைக்குச் சிமெண்ட் போடுமுன் மணல்மேல் விரிக்கச் சொல்கிறாள். உன் பதிலுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோபத்தில் வேண்டாம் என்று எழுதிவிடாதே.

உன் அக்கா
அகைத்தி

ஆக்லாந்து
14.6.1978

அக்கா,

அந்தப் பெட்டியிலிருந்து எனக்கு ஒன்றும் வேண்டாம். வந்த வாரமே அப்பா என் முடியைக் கடையில் ஒட்ட வெட்டிவிட்டார். ஆறு வயதில் கப்பலில் நின்று கத்தினேன். துறைக்கு நீ வந்தாய், அம்மா வரவில்லை. அவளோடேயே போட்டுவிடு.

மத்தாயோ

ஆக்லாந்து
27.6.1978

அக்கா,

சிமெண்ட் போடாதே.

என் மகன் ரங்கிக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து வெட்டாத முடி இடுப்பைத் தொடுகிறது. பள்ளியில் "பொண்ணா, பையனா?" என்று கேலி. நேற்று முடிவெட்டக் கூட்டிப் போனேன். கத்தரிச் சத்தம் கேட்டதும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் வெட்டவில்லை என்று மனைவி கேட்கும்போதெல்லாம் சோம்பல் என்றுதான் சொல்லி வந்தேன்.

விரிப்பு வேண்டும் அக்கா. இந்தக் கடிதம் முந்திக்கொள்ளட்டும்.

உன் தம்பி
மத்தாயோ

ஐதுதாக்கித் தீவு
8.7.1978

என் தம்பி மத்தாயோவுக்கு,

செவ்வாய்க்கிழமை சிமெண்ட் போட்டோம். வெள்ளிக்கிழமை விமானத்தில் உன் கடிதம் வந்தது. கையாலாவது பெயர்க்க முடியுமா என்று சுரண்டிப் பார்த்தேன். "காஞ்சு போச்சுடி, வெரல்தான் போவும்" என்று பெரியம்மா இழுத்துப் போனாள். இன்னும் ஒரு வாரம் நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம்.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கணும். "என்னப் பாத்தா அவன் கப்பலேற மாட்டான், படிப்பு போயிடும்" என்றுதான் அம்மா துறைக்கு வராமல் இருந்தாள். அன்றைக்கு விரிப்பில் பாதிப் பூதான் இருந்தது. உன் முடியை வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் மீதியைத் தைத்தாள். "யாருக்கும்மா இது?" என்று கேட்டேன். "மறுபடி ஒரு தலையில முடி வளராமலா போயிடும்?" என்றாள்.

நாடாக்களை மட்டும் உள்ளே போட எனக்கு மனசு வரவில்லை. வைத்திருக்கிறேன். ரங்கியைக் கூட்டி வா. நாற்காலியை அம்மா கல்லறை மேலேயே போடுகிறேன். மேலே விரிக்க வேண்டியது அடியில் கிடக்கும்.

அதுவரை அவன் தலையில் கத்தரி படாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா
அகைத்தி