தண்ணி ஒண்ணாம் தரம்

அன்பு போராமுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், இல்லையென்றால் மேலே படிக்காமல் உடனே போன் செய். இங்கே நாங்கள் இருவரும் சுகம். குன்சானில் குளிர் வந்துவிட்டது, சித்திக்கு முழங்கால் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது கம்பு இல்லாமலேயே நடந்து வந்து என் கிம்ச்சியில் குறை சொல்லிவிட்டுப் போகிறாள். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உன் அப்பா பிடுங்கிவிடுவார், இது அவரைப் பற்றிய விஷயம், அதனால் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் உட்கார்ந்து எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போட்டால் இருபதாம் தேதிக்குள் வான்கூவர் வந்துவிடும் என்றாள் தபாலாபீஸ்காரி. ஆஸ்பத்திரியில் உன் எக்ஸ்ரே வேலையைத் தொடர்கிறாயா, விட்டுவிட்டு முழுநேரமும் கம்ப்யூட்டரில் போக்கர் ஆடப்போகிறாயா என்று முப்பதாம் தேதிக்குள் நீ பதில் சொல்லவேண்டுமே, அதற்குமுன் இது உன் கையில் இருக்கவேண்டும்.

நீ அந்தப் பெரிய போட்டியில் ஜெயித்தது உனக்கு ஞாயிறு, எங்களுக்குத் திங்கட்கிழமைக் காலை. நான் வழக்கம்போல் போனைச் சோற்று அண்டா பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உன் பெயர் பட்டியலில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே முள்ளங்கி நறுக்கினேன். இரண்டாயிரத்து முந்நூறு பேரில் கடைசி ஒன்பது பேர், பிறகு மூன்று பேர், பிறகு நீ மட்டும். அன்றைக்கு நறுக்கிய முள்ளங்கி ஒன்றுகூட ஒரே அளவில் இல்லை. மறுநாள் நீ போன் செய்து, அப்பா, நான் நெஜமாவே நல்லா ஆடுறேனா இல்ல அன்னிக்கு அதிர்ஷ்டமா, நீங்க முப்பது வருஷமா கட்டத்துல காய் வச்சு பாதுக் ஆடுறவரு, நீங்களே சொல்லுங்க என்று கேட்டாய். கேட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, சந்தேகம் இல்லாதவள் கேட்கமாட்டாள். உன் அப்பாவோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அத்தனை பேருல மொதல் ஆளுன்னா மொதல் ஆளுதான், இதுல என்னடி சந்தேகம், வேலைய விட்டுட்டு ஆடு என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பாதுக் மன்றத்துக்குப் பெருமையடிக்கக் கிளம்பிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. மன்றத்துச் சுவரில் ஆளுக்கொரு மரப் பெயர்ப்பலகை மாட்டி, முதல் தரம் மேல் வரிசை, இரண்டு, மூன்று அதற்குக் கீழே என்று தொங்குமே, உனக்கு நினைவிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக உன் அப்பாவின் பலகை மேல் வரிசையில்தான். நீ ஜெயித்ததை அவர் மூன்றாவது தடவை சொன்னபோது மன்றம் நடத்தும் பியோ காபியை ஆற்றிக்கொண்டே, பொண்ணு மொதல் ஆளு சரிண்ணே, உப்பு ஒண்ணாம் தரமா தண்ணி ஒண்ணாம் தரமா, ஒங்கள மாதிரின்னா கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும் என்றாராம். சொன்ன தரத்தைவிடக் கெட்டியாக ஆடுகிறவனை உப்பு என்பதும், பலகையில் பெரிய தரம் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் சப்பென்று இருப்பவனைத் தண்ணி என்பதும் அவர்கள் வழக்கம்தானே. எல்லோரும் சிரித்தார்களாம். அவர் மட்டும், இவர்கள் ஏன் இத்தனை சுலபமாகச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தாராம்.

அந்தச் சனிக்கிழமை சூட் போட்டுக்கொண்டு ஜொன்ஜுவில் ஒரு கல்யாணம் என்று கிளம்பினார். அடுத்த சனிக்கிழமையும் ஜொன்ஜு, வேறொரு கல்யாணம். மூன்றாவது சனிக்கிழமை வாசலில் மடக்கிவிட்டேன், ஏங்க, மூணு கல்யாணத்துக்குப் போறீங்க, ஒண்ணுக்காவது மொய் கவர் எடுத்துட்டுப் போனீங்களா, யாரு அந்தப் பொம்பள என்று கேட்டேன். முகம் செத்துப்போய் செருப்பு மாடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். பொம்பளைதான், பேர் குவாக், அவளும் பாதுக் மன்றம்தான் நடத்துகிறாளாம். தன்னை யாருக்கும் தெரியாத ஊரில், தெரியாத ஆட்களோடு ஆடிப்பார்க்கப் போயிருக்கிறார். எதுக்குங்க இந்த வயசுல என்றால், புள்ளகிட்ட வேலைய விடுன்னு சொல்லிட்டேன், எந்தத் தகுதில சொன்னேன்னு பாக்க வேணாமா என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

மூன்றாவது சனிக்கிழமையும் போய்வந்தார், மொத்தம் இருபது ஆட்டம், ஜெயித்தது ஆறு. முதலில் அவரை ஒன்றாம் தரத்தில் உட்காரவைத்த குவாக், அடுத்த வாரம் இரண்டில் வைத்தாள், கடைசியில் மூன்றில் வைத்தாள், அங்கேதான் ஆட்டம் சரிசமமாக நின்றதாம். உன் அப்பா தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் காரணம் வைத்திருந்தார், வெளிச்சம் போதவில்லை, எதிராளி விரலால் தாளம் போட்டான், பஸ் அலுப்பு. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோத்ததுக்கு நல்லா வெளக்கம் சொல்றீங்கய்யா, ஜெயிச்சதுக்கும் அதே மாதிரி சொல்லுங்க பாப்போம் என்றிருக்கிறாள். அந்த ஆறு ஆட்டத்தையும் மறுபடி காய் காயாக வைத்துப் பார்த்தால் நான்கில் எதிராளி சறுக்கியதால் பிழைத்திருக்கிறார். ஊர் மன்றத்தில் இத்தனை வருஷமும் அதே ஐந்து பேரோடுதான் ஆட்டம், யாருக்கு எப்போது கோபம் வரும், யார் எங்கே அவசரப்படுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஐந்து பேரை அளந்து வைத்துக்கொண்டு உலகத்தையே அளந்ததாக நினைத்துவிட்டார். திங்கட்கிழமை பியோவின் மன்றத்துக்குப் போய், நாற்காலி போட்டு ஏறித் தன் பலகையை மேல் வரிசையிலிருந்து கழற்றி மூன்றாவது வரிசையில் மாட்டினாராம். இப்போது யாரும் சிரிக்கவில்லையாம். பியோதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம்.

எனக்குச் சீட்டும் தெரியாது பாதுக்கும் தெரியாது, மீதிச் சோற்று வாளி தெரியும். பள்ளிக்கூடத்தில் தினமும் பிள்ளைகள் மிச்சம் வைப்பதை நிறுத்து எழுதுகிறார்கள் அல்லவா, பொரித்த கோழி போட்ட நாளில் வாளி காலியாக இருக்கும், அன்றைக்கு நான் பெரிய சமையல்காரி என்று நினைத்தால் என்னைப்போல் முட்டாள் இல்லை, அது கோழியின் சாமர்த்தியம். கீரையும் முளைப்பயறும் போட்ட நாள்களையும் சேர்த்து ஒரு வருஷத்து வாளியைப் பார்த்தால்தான் என் கை எப்படி என்று தெரியும். நீ ஜெயித்தது கோழி நாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இல்லை என்றுதான் பெற்றவள் மனசு சொல்கிறது, பெற்றவள் மனசை நம்பி வேலையை விடாதே. இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. இரண்டு வருஷமாக நீ போட்டியிலிருந்து வெளியேறும்போதெல்லாம் எனக்கு அனுப்பிய செய்திகளை நேற்று எண்ணிப்பார்த்தேன், நாற்பத்தொன்று. என்கிட்ட ரெண்டு ராஜா இருந்துச்சும்மா, கடைசிச் சீட்டுல போச்சு என்கிற மாதிரியேதான் எல்லாம். நான் தப்பா ஆடினேன், கடைசிச் சீட்டு வந்து காப்பாத்திச்சு என்று ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைசிச் சீட்டு இரண்டு வருஷத்தில் உன் பக்கம் ஒரு தடவைகூட வரவில்லையா கண்ணே?

அதனால் முப்பதாம் தேதிக்குமுன் இதை மட்டும் செய். நீ ஜெயித்த அந்த நாளின் பதிவை எடுத்து, முடிவு தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் அப்படி ஆடியது சரிதானா என்று எழுது, பிறகு உனக்கு யாரோடு உட்கார்ந்தால் பயமோ அந்த ஆளிடம் காட்டு, உன்னைப் பாராட்டுகிற சிநேகிதியிடம் வேண்டாம். ஒரு நாளை மட்டும் பார்க்காதே, இரண்டு வருஷத்து ஞாயிறுகளையும் சேர்த்துப் பார். கெட்டியாக நின்றால் வேலையை விடு, ஊரே பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் பகலில் எக்ஸ்ரே, ஞாயிற்றுக்கிழமை போக்கர். எப்படியானாலும் திங்கட்கிழமைக் காலை போன் அண்டா பக்கத்தில்தான் இருக்கும். நீ எத்தனையாவது தரம் என்பதற்கும் நான் உன் பெயரைத் தேடுவதற்கும் சம்பந்தமில்லை.

உன் அப்பா இதை எழுத வெட்கப்படுகிறார், வேலையை விடு என்று சொன்ன வாய் இப்போது எப்படி மாற்றிச் சொல்லும் என்று. அதற்குப் பதிலாகத் தான் ஜெயித்த அந்த ஆறு ஆட்டங்களையும் தாளில் வரைந்து, தப்பாக வைத்தும் பிழைத்த காய்களைச் சிவப்பு மையால் சுழித்து இதோடு வைத்திருக்கிறார், நிறையச் சிவப்பு. போன சனிக்கிழமையும் ஜொன்ஜு போனார், சூட் இல்லை, எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போனார், வந்ததும் ஒண்ணு ஜெயிச்சேன் என்றார். தெறமையா அதிர்ஷ்டமா என்று சும்மா சீண்டத்தான் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார், சூப் ஆறி ஏடு கட்டுகிறவரை யோசித்தார், அப்புறம், பாதி என்றார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன், எழுந்து போய் சூப்பைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இரு. போன குளிருக்கு அனுப்பிய கம்பளி உள்சட்டையைப் போடு, அலமாரிக்குக் குளிராது. சிவப்பு மை வாங்கி வைத்துக்கொள்.

உன் பாதி எவ்வளவு என்று கேட்கக் காத்திருக்கும்
அம்மா