நாச்சியும் கரடியும்

யூன் 12, வியாழன்

வெயில். சோளகக் காற்று காலையிலிருந்தே புழுதியை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது. கரடியின் முதுகுக்குத் தென்னந்தும்பு போதவில்லை. மூன்று சாக்கு தைத்தாயிற்று, வயிறு இன்னும் மொட்டை. இந்தக் கரடி வேசத்துக்குள் போகப்போகிறவர் என் கணவர். அளவெடுக்க நில்லுங்கள் என்றால் நெளிகிறார்.

"கலியாணத்துக்குக்கூட இவ்வளவு அளவு எடுக்கேல்லையப்பா."

பக்கத்து வீட்டுக் கோமதியின் குறும்படம். கிளிநொச்சியில் படம் எடுக்கப் படித்து வந்த பிள்ளை. கதை: முன்னொரு காலம், ஒரு காட்டு ராச்சியம், அதை ஆளும் நாச்சி, ஊரை அழிக்க வருகிற மந்திரக் கரடி. நாச்சி நான்! முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, உடையார்கட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, தையல் மெசினோடு கிடக்கிற நான். கோ. முதலில் கேட்டபோது, வேறு யாரையோ கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"உங்கட தோளைப் பாத்துத்தான் கேக்கிறன் அக்கா."

வலை இழுத்த தோள். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே நக்கல் வாங்கியிருக்கிறேன்.

யூன் 13, வெள்ளி

கோ. தொலைபேசியில் மாதிரிப் படங்கள் காட்டினாள். சிங்கம், புலி, ஓநாய், பறக்கிற பாம்பு. எல்லாவற்றோடும் பெண்கள் சண்டை. ஆசையாகத்தான் இருந்தது, திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆனால் ஏன் எல்லாருக்கும் இடுப்பில் ஒரு முழத் துணி? புலிக்கு முன்னால் நிற்கிறவளுக்கு முதலில் வேண்டியது தடித்த சட்டை. ஈச்சம் பற்றைக்குள் ஒருதரம் போய் வந்தால் வரைந்தவருக்கு விளங்கும். தலைமயிர் வேறு விரித்தபடி.

என் நாச்சிக்கு:
– முழுக்கை. கூரைக்கு விரிக்கிற பழைய தறப்பாளில் கவசம், மேலே வெண்கல நிறப் பெயின்ற்.
– காற்சட்டை, மேலே பாதிப் பாவாடை.
– கொண்டை. இறுக்கி.
– வயலுக்குப் போடுகிற சப்பாத்து. கையில் கம்பு ஈட்டி.

போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். சொல்ல வெட்கமில்லை. வடிவாக இருந்தேன்.

யூன் 14, சனி

சீனி முடிந்துவிட்டது. வெறும் தேயிலைச் சாயத்தண்ணி.

கமெரா அண்ணை வந்தார். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர், கமெரா அவருடையது. கதையைக் கேட்டுவிட்டு முடிவை மாற்றச் சொல்கிறார். கரடி நாச்சியை விழுத்த வேண்டுமாம். இளவரசன் பாய்ந்து வந்து கரடியைக் கொல்ல வேண்டுமாம். இளவரசன் யார்? அவரேதான். வாளும் கொண்டு வந்திருக்கிறார்.

"பொம்பிளை தனிய நிண்டு கரடியை வெண்டால் ஆர் நம்புவினம், தங்கச்சி?"

"மந்திரக் கரடியை நம்புறவை என்னை நம்பமாட்டினமோ, அண்ணை?"

சிரித்தார். கமெராவைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தார். அவ்வளவுதான். கோ.வின் முகம் செத்துப்போயிற்று. அவளுக்கு இது முதற்படம், வேறு கமெராவுக்கு எங்கே போவாள்? "ஓம் அண்ணை" என்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து குசினியில் சட்டி பானையெல்லாம் போட்டு உடைக்காத குறை. தைத்தது நான், அடி வாங்குவது நான், வெல்வது அவரா? விழுந்து கிடக்கவா கவசம் தைத்தேன்? நாளைக்குப் போகமாட்டேன் என்றேன். "அப்ப நானும் கரடியில்லை" என்றார் இவர். கோ.வை நினைத்தால் அதற்கும் மனம் வரவில்லை. போகிறேன். ஆனால் ஆத்திரம் ஆறவில்லை.

யூன் 15, ஞாயிறு

பூசை முடிய நேரே காட்டோரம். பாலைப்பழக் காலம். மரத்தடியெங்கும் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது, உதடு ஒட்ட ஒட்டத் தின்றோம். இந்தப் பழத்துக்குக் கரடி வருவது ஊரறிந்தது. அதனால் சண்டையும் அங்கேயே என்று கோ.வுக்கு ஒரே புளுகம், துள்ளினாள். பக்கத்துக் கச்சான்கடலைத் தோட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கமெராவைத் தோட்ட வேலியோரம் வைத்து ஓடவிட்டிருந்தோம். கோ. பற்றைக்குள் குந்தியிருந்தாள். கரடி உறுமிக்கொண்டு வந்து என்னைத் தள்ள, நான் விழுந்து கத்த, மரத்துக்குப் பின்னால் இளவரசன் வாளை உருவ...

"ஐயோ, கரடி! பெட்டையைப் பிடிச்சிட்டுது!"

வேலிக்கு அப்பால் கந்தையா அண்ணை. தோட்டக் காவல். யானையை விரட்ட, வயல் செய்கிற கமக்காரருக்குக் கொடுக்கிற பெரிய வெடி கையில். பற்றவைத்து எறிந்தேவிட்டார். சற்றுத் தள்ளி விழுந்து வெடித்தது. காது அடைத்து, ஒரே புகை. இளவரசன் வாளைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டார். கரடியும் மரம் ஏறும் என்ற நினைப்புக்கூட இல்லை.

இவருக்குக் கரடித் தலைக்குள் ஒன்றும் தெரியாது. கைகளை விரித்துத் தடவிக்கொண்டு வெடி வந்த பக்கமே போகிறார். உடம்பு முழுக்கத் தும்பு, ஒரு பொறி போதும். கந்தையா அண்ணை அடுத்த வெடிக்கு நெருப்புக்குச்சி உரசுகிறார்.

எழும்பி ஓடினேன். இவருக்கு முன்னால் போய் ஈட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எறியாதேங்கோ! உள்ளுக்கை என்ர மனுசன்!"

குச்சி விரலைச் சுடும்வரை அண்ணை அப்படியே நின்றார். பிறகு கேட்டார், "கரடியையோ பிள்ளை கட்டினனீ?"

வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் வந்தது. அங்கே வரவில்லை. அதை இதில் எழுதி வைக்கிறேன்.

யூன் 17, செவ்வாய்

புழுக்கம். இரண்டு சட்டைக்குக் கொலர் வைக்கவேண்டும். ஒன்றும் ஓடவில்லை, ஏனென்றால் கோ. ஓடி வந்தாள். கமெரா நிற்கவேயில்லையாம், எல்லாம் படத்தில் விழுந்திருக்கிறது! போய்ப் பார்த்தோம். இவர் வயலில், வரவில்லை. புகை. புகைக்குள்ளிருந்து கரடி. அதற்கு முன்னால் ஒருத்தி, கரடிக்கு முதுகைக் கொடுத்து, எங்களை முறைத்துக்கொண்டு. அந்த முகம் நான் கண்ணாடியில் கண்டதில்லை.

"நாச்சி கரடியைக் கொல்லேல்லை அக்கா. காப்பாத்திறா. இதுதான் முடிவு."

கமெரா அண்ணைக்கும் காட்டினோம். ஓரத்தில் அவர் மரத்தில் தொங்குகிறார். அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கோ. மெதுவாக, "இளவரசனை வைச்சிருக்கிறதோ அண்ணை?"

"வேண்டாம் பிள்ளை. வெட்டு. முழுசா வெட்டு."

யூன் 21, சனி

பின்னேரம் பொதுமண்டபத்தில் படம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி. கதிரை போதாமல் சனம் நின்றது. வெடி வெடித்ததும் கந்தையா அண்ணை எழும்பி, "அது நான் எறிஞ்சது!" என்று எல்லாருக்கும் அறிவித்தார். சிரிப்பு. பிறகு புகை விலகியது, சிரிப்பு நின்றது. நாச்சி நிற்கிறாள். விசில் பறந்தது. கோ. அழுகிறாள்.

இவர் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அன்றைக்கு இவர் எதையும் காணவில்லை. தனக்கு முன்னால் நான் நின்றதை இப்போதுதான் காண்கிறார்.

"நீ எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.

இருட்டில் என் கையைப் பிடித்தார். வெளிச்சம் போட்டார்கள். விடவில்லை. ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.