வண்டியைத் தள்ளியது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? என் பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

பண்ணையின் சின்ன டிராக்டர் ஒன்று கொஞ்ச நாளாக மேடு ஏறாமல் படுத்தியது. கியர் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் வண்டி அது. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியும் இழுவை வரவில்லை. "மெக்கானிக்குனு நீ வந்தப்புறம்தான் இப்படி ஆகுது" என்று மேலாளர் முறைத்தார். எனக்கோ டிரைவர் மேல் சந்தேகம். என்னைக் கண்டாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளும்போது மட்டும் இழுக்க வேண்டிய லீவர், பாதி திறந்தே கிடந்தது. அழுத்தமெல்லாம் அந்த வழியாக வீணாகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, திருட்டுத்தனமா வண்டியத் தள்ளினது யாரு?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "நான்தாம்மா. ஷெட்ட ஒட்டித்தான் எங்க வீடு. இன்ஜின் சத்தத்துல கைக்குழந்தை முழிச்சிக்குது. அதான் காலைல கேட்டு வரைக்கும் தள்ளிட்டுப் போயிடுறேன்."

தள்ளி முடித்ததும் லீவரை முழுவதும் மூட அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். அது தானாகத் தளர்ந்துவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, இன்னும் என்னைத்தான் நோட்டம் விடுகிறார். நீ கவலைப்படாதே.

வேலைக்கு அழைத்துப்போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் மகள்